தூதன் கற்றுக்கொண்ட மூன்று வார்த்தைகள்

ஏரியை மண் கொட்டி மூடி, அதன் மேல் அடுக்குமாடி எழுப்பி, அதற்கு லேக் வியூ என்று பெயர் வைக்கவும் கூசாத மாநகரத்தின் தெற்கு ஓரத்தில், மழைக்காலம் வந்தால் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்து கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு நின்றுவிட்டுப் போகும் குடியிருப்பில், சங்கத்துக் கணினியை மாற்றிய வருஷம், பொற்கொடி என்ற பெண்மணியின் குரல் அவள் கணவர் ஞானசிகாமணிக்குக் கேட்காமல் போயிற்று. அவர் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. குக்கர் விசில் கேட்டது, தண்ணீர் லாரி பின்னால் எடுக்கும்போது போடும் பாட்டு கேட்டது, எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்தில் சிணுங்குவதுகூடக் கேட்டது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எந்த வீட்டில்தான் பெண்டாட்டி பேசுவது கேட்கிறது என்று லேக் வியூவில் கேலி பேசிக்கொண்டார்கள். அதற்குள் அவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டிருந்தது.

ஞானசிகாமணி காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நஷ்டஈட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். சங்கக் காசில் ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் அவர் போட்ட முதல் விதி, குறை எதுவானாலும் மெயிலில்தான் வரவேண்டும் என்பது. லிப்டில் மடக்கிச் சொல்லக் கூடாது, கோயில் வாசலில் கையைப் பிடித்துச் சொல்லக் கூடாது, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. அதற்காகக் குடியிருப்பில் பல் முளைத்த எல்லோருக்கும் ஆளுக்கொரு மெயில் முகவரி சங்கமே திறந்து கொடுத்தது, பொற்கொடி உட்பட. குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியடிக்க, ஈரத் துண்டோடு ஓடிவந்து கதவைத் தட்டியவரிடமும் அவர் பதறாமல் "மெயில் போடுங்க" என்றுதான் சொன்னார். நாளாவட்டத்தில் அது அவர் வாயில் வணக்கத்துக்குப் பதிலாக வந்துவிட்டது.

இப்படி எல்லா வாயையும் ஒரே குழாயில் திருப்பிவிட்டிருந்த அந்தப் பழைய கணினி ஒரு நாள் புகைந்து உயிரைவிட்டது. புதியது வாங்கினார்கள். புதியதில் எல்லாம் இருந்தது, பழைய மெயில் மென்பொருள் மட்டும் அதில் ஏற மறுத்தது. காசு கொடுத்து வாங்க வேண்டாம், இலவசமாக எத்தனையோ கிடைக்கிறது என்று தலைவர் வைத்தீஸ்வரன் சொல்லிவிட, ஞானசிகாமணி சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவர்போல ஒவ்வொன்றாக இறக்கி, அழுத்திப் பார்த்து, காம்பைத் திருப்பிப் பார்த்து, கீழே போட்டார். ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் தலைமாட்டில் மனை விற்பனை விளம்பரம் வந்து உட்கார்ந்தது. இன்னொன்று இலவசம் இலவசம் என்று வாசலில் கூவிவிட்டு, மூன்றாவது முகவரியைச் சேர்த்ததும் கையை நீட்டியது. வேறொன்றில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. மற்றொன்று சங்கத்தின் கடவுச்சொல்லை எல்லாம் தன் ஊருக்கே எடுத்துப்போய் வைத்துக்கொள்ளப் பார்த்தது. கடைசியில் அகப்பட்டதுதான் தூதன். எங்கோ முகம் தெரியாத சிலர் சும்மா செய்து, சும்மா கொடுத்த மென்பொருள் அது. விளம்பரம் இல்லை, பழைய மெயில்களை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டது, தமிழ் உடையவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் குப்பையை இனம் காணும் வசதி ஒன்று இருந்தது. ஒரு மெயிலைக் குப்பை என்று நாம் காட்டிக் கொடுத்தால், அதில் உள்ள சொற்களைப் படித்து, அதேபோல் பேசும் மெயில்களை அடுத்த முறை தானாகவே குப்பையில் போட்டுவிடும். காட்டக் காட்டக் கற்றுக்கொள்ளும்.

இந்தப் பொறுக்கல் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் பொற்கொடி சங்க அறைக்கு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"ஏங்க, இடது கண்ணுல ஓரமா கருப்பா ஏதோ தொங்குற மாதிரி இருக்கு. திரைச்சீலை மாதிரி."

"தூசி விழுந்திருக்கும். கழுவு."

"கழுவிட்டேன். போகல. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா?"

"இத முடிச்சிட்டு வரேன்."

அவர் முடித்தது எட்டிலோ ஒன்பதிலோ ஒன்றைத்தான். அடுத்ததை இறக்கினார். அவள் மறுநாளும் வந்து நின்றாள், திரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய சொல்லைச் சொந்தப் பெண்டாட்டியிடமும் சொன்னார்.

"மெயில் போடேன், பொற்கொடி. பாத்துட்டு சொல்றேன்."

விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

தூதனில் அவர் முதன்முதலாகக் குப்பை என்று காட்டிக் கொடுத்தது மூன்றாம் மாடித் தில்லைநாயகியின் மெயிலை. தில்லைநாயகிக்கு மேல்வீட்டுக் கழிவறைக் குழாய் ஒழுகி, அவள் சமையலறை மேடையில், சரியாக அரிசி அளக்கும் இடத்தில், சொட்டிக்கொண்டிருந்தது. இதற்காக அவள் எழுதாத மெயில் இல்லை. எல்லா மெயிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "எத்தனை தடவை சொல்றது சார்." ஞானசிகாமணிக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. புதுப் பொம்மை கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் ஒரு முறை அழுத்திப் பார்க்கத்தான் செய்வார்கள். அழுத்தினார். மறுநாள் காலை லிப்ட் வாசலில் தில்லைநாயகி கையை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

முதல் நாள் எல்லோரும் பதறித்தான் போனார்கள். வெந்நீர் கொடுத்தார்கள், மிளகு கொடுத்தார்கள், காரில் ஏற்றித் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் அவளுடன் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தொண்டை கோயில் மணிமாதிரி இருக்கிறது, குழாயை மட்டும் சரிசெய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். காய்கறிக்காரனுக்கு அவள் குரல் கேட்டது, பஸ் கண்டக்டருக்குக் கேட்டது, மதுரையில் இருந்து போன் செய்த தங்கைக்குக் கேட்டது. சங்கத்தின் முகவரிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான், எங்கே நின்று எப்படிக் கத்தினாலும், கேட்கவில்லை. வாட்ச்மேன் பைகுண்டாவுக்கும் கேட்டது, ஏனென்றால் வாட்ச்மேனுக்கு யார் மெயில் முகவரி கொடுத்தார்கள்? ஆனால் அவர் ஒடிசாவில் இருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தமிழ் தெரியாது. தில்லைநாயகி குழாயைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் பயபக்தியோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் கேட்டைத் திறந்துவிட்டார். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் எல்லாம் கேட்டது. அவர்கள் சொல்வதை மட்டும் இங்கே யார் கேட்டார்கள்.

ஒரு வாரம் அதிசயமாக இருந்தது. பிறகு வசதியாக இருந்தது. லிப்டில் நிம்மதியாக ஏறி இறங்க முடிகிறது என்றார்கள். தலைவர் வைத்தீஸ்வரனின் மனைவி "அய்யோ பாவம்" என்று சொன்ன கையோடு, இதை மாமியாருக்குச் செய்ய முடியுமா என்று விசாரித்தாள். அதன்பிறகு ஒவ்வொருவராக, கோயில் பிரசாதம் வாங்கப் போகிறவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு, சங்க அறைக்குள் வந்து ஞானசிகாமணியின் காதில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கேட்டுக்கொண்டே இருந்த பெரியவரின் குரல் போயிற்று. குழந்தையை நாய் கடித்ததில் இருந்து நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த தாயின் குரலும் போயிற்று. கொஞ்ச நாளில் பெயர் சொல்ல வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. குப்பைக்குப் போன எல்லா மெயிலிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தூதன் பொறுமையாகப் பார்த்து, அந்த மூன்று வார்த்தைகளைக் கற்றுக்கொண்டது. எத்தனை தடவை சொல்றது. ஒரு தடவை சொன்னவனுக்கு அந்த வார்த்தை தேவைப்படாது. சொல்லிச் சொல்லி நடக்காதவன்தான் அதைச் சொல்வான். ஆகவே யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களைத் தூதன் சரியாகத் தேடிப் பிடித்துக் கழித்துப்போட்டது. அதற்கு வஞ்சகம் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் செய்தது.

குரல் போனவர்களுக்குக் குரல் போனவர்கள் பேசுவது மட்டும் கேட்டது. மாலையானால் அவர்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் கூடி உட்கார்ந்தார்கள். கீழே இருந்து பார்த்தால் வாய்கள் அசைவது தெரியும், சில நாள் சிரிப்பதும் தெரியும். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கீழே இருந்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. இது ஒன்றைத் தவிர லேக் வியூ அமைதியாக இருந்தது. பொதுக்குழுவில் ஞானசிகாமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த அமைதியை நாளைக்கு யாராவது வந்து கலைத்துவிடக் கூடாது என்று தூதனின் அமைப்புகளைப் பூட்டிவைக்கவும் தீர்மானம் போட்டார்கள். கடவுச்சொல்லில் முன்பாதி தலைவருக்கு, பின்பாதி பொருளாளருக்கு. பட்டியலில் உள்ளவர்கள் மெயிலைக் குப்பையாக்காதே என்ற அமைப்பை ஞானசிகாமணியே எடுத்துவிட்டிருந்தார், தொந்தரவெல்லாம் பட்டியலில் உள்ளவர்களால்தானே. குப்பைக்கு வந்ததை வந்த கணமே அழித்துவிடவும் சொல்லிவைத்திருந்தார். அதன்மேல் பூட்டு விழுந்தது. அவர் பொன்னாடையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் பொற்கொடி மெயில் போட்டாள். கண்ணில் திரை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சமையலறையில் நின்றபடி, போனில், வலது கண்ணால் எழுத்துகளைத் தேடித் தேடி எழுதினாள். அவள் எதைத் திரும்பச் சொன்னாலும் அப்படித்தான் தொடங்குவாள், கல்யாணமான நாளில் இருந்து. சாப்பிட வரச்சொல்லி, குழாயை மூடச்சொல்லி, ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் வார்த்தை, அவருக்கும் அது கொஞ்சல் மாதிரிதான் பழகியிருந்தது. எத்தனை தடவை சொல்றதுங்க, கண்ணு முழுசா போயிடும்போல பயமா இருக்கு, வாங்க போகலாம் என்று எழுதி அனுப்பினாள். தூதன் அதைப் படித்தது.

வீடு அமைதியானதை ஞானசிகாமணி முதலில் கோபம் என்று நினைத்தார், பிறகு விரதம் என்று நினைத்தார். அவள் அருகில் வந்து உதடு அசைத்தபோது சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கும்பிடும் பாவனையில் தலையைக்கூடக் குனிந்தார். ஊருக்கெல்லாம் நடந்தது தன் வீட்டில் நடக்கும் என்று அவருக்கு ஏனோ தோன்றவே இல்லை. அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணைக் காட்டினாள். கண் பார்க்க எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது. "சரியாயிடும்" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பொதுக்குழுக் குறிப்பைத் தட்டச்சு செய்யப் போய்விட்டார்.

பிறகு ஒரு பகல்வேளையில், கண் மருத்துவமனையில் இருந்து ஒரு பெண் அவருக்குப் போன் செய்தாள்.

"பொற்கொடி மேடத்தோட ஹஸ்பண்டா சார்? அவங்க தனியா ஆட்டோல வந்திருந்தாங்க. சொட்டு மருந்த இங்கயே மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு கண்ணுக்குப் போட வேண்டியது, கண்டிப்பா போடணும்."

"இன்னொரு கண்ணுன்னா?"

"இடது கண்ணுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே சார். விழித்திரை மொத்தமா பிரிஞ்சிடுச்சி. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம். ஏன் மேடம் இவ்வளவு லேட்டுன்னு டாக்டர் திட்டினாரு. வீட்ல சொல்லிட்டுதான் இருந்தேன்னு சொன்னாங்க. நீங்க கூட வந்திருக்கலாம் சார்."

ஞானசிகாமணி போனை வைத்துவிட்டு மனைவியைத் தேடிப் போனார். பொற்கொடி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தண்டையும் எடுக்க முகத்தையே திருப்ப வேண்டியிருந்தது. அவர் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, பேசு, பேசு என்று கேட்டார். அவள் பேசினாள். வாய் அசைந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுதார். காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினாள், பேனா நகர்வது தெரிந்தது, கடைசியில் அவர் கண்ணுக்குக் கோடு போட்ட வெறும் தாள்தான் இருந்தது.

சங்க அறைக்கு ஓடினார். குப்பையில் இருக்கும் ஒரு மெயிலையாவது திறந்து, இது குப்பையல்ல என்று அழுத்தினால் தூதன் கற்றதை மறக்கும். குப்பை காலியாக இருந்தது. அவர் சொன்னபடியே துளி விடாமல் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தது. அமைப்புகளைத் திறக்கப் பார்த்தார், பூட்டியிருந்தது. வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போனார்.

"தூதன எடுத்துடலாம் சார். வேற ஏதாவது போட்டுக்கலாம். விளம்பரம் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

"எதுக்கு சார்? நல்லாத்தானே போயிட்டு இருக்கு?"

"என் ஒய்ஃப் பேசறது எனக்குக் கேக்கல சார்."

வைத்தீஸ்வரன் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கல் மனசுக்காரர் இல்லை அவர், உண்மையாகவே வருத்தப்பட்டார், காபி கொடுத்தார்.

"சார், உங்க ஒருத்தருக்காக எடுத்தா எல்லாரும் திரும்பி வந்துடுவாங்களே. எங்க அம்மா ஒருத்தங்களே போதும். நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. கமிட்டில வெக்கிறேன்." வாசல்வரை வந்து, தோளைத் தொட்டு, அன்பாகத்தான் சொன்னார். "ஒரு மெயில் போட்டுடுங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

போட்டார். சொந்த முகவரியில் இருந்து சங்கத்துக்கு, உயர்திரு தலைவர் அவர்களுக்கு என்று தொடங்கி, மரியாதையாக எழுதிப் போட்டார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் ஜெனரேட்டர் பேச்சே முடியவில்லை. மறுபடி எழுதினார், கண்ணைப் பற்றி எழுதினார், அந்தப் போனைப் பற்றி எழுதினார். தீபாவளி கழியட்டும் என்றார்கள். இதற்கிடையில் பொற்கொடி வலது கண்ணுக்குத் தானே சொட்டு மருந்து போட்டுக்கொண்டாள், தானே ஆட்டோ பிடித்தாள். அவரிடம் உதடு அசைப்பது குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோயிற்று. மாலையில் லிப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போய் ஓரமாக நின்று, அவள் தில்லைநாயகியோடு பேசுவதைப் பார்த்தார். அவள் ஏதோ சொன்னாள், அந்தச் சக்கர நாற்காலிப் பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் அவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்து மறந்திருந்தது.

தீபாவளியும் கழிந்தது. ஞானசிகாமணி சங்க அறையில் உட்கார்ந்து தன் போனில் இன்னொரு மெயில் எழுதினார். இந்த முறை உயர்திரு வரவில்லை. என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல், நெஞ்சில் இருந்ததை அப்படியே எழுதினார். எத்தனை தடவை சொல்றது என்று தொடங்கி, என் பெண்டாட்டி குரலை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று முடித்து, அனுப்பினார். எதிரிலேயே இருந்த சங்கத்துக் கணினியில் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததுபோல ஒரு கணம் தெரிந்தது. பிறகு பெட்டி எப்போதும்போலச் சுத்தமாக இருந்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசினார். மேஜையைத் தட்டிப் பேசினார். வைத்தீஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கண்ணெதிரே கையை உயர்த்திக்கொண்டு நின்றவரை ஏறிட்டு, உட்காருங்க சார் என்று பரிவாகச் சைகை செய்தார். பிறகு பொருளாளர் பக்கம் குனிந்தார்.

"பாவம், இவருக்கும் போயிடுச்சி. குறிப்பு எழுத வேற ஆள் பாக்கணும். அடுத்து என்ன, ஜெனரேட்டரா?"

கூட்டம் ஜெனரேட்டருக்கு நகர்ந்தது. ஞானசிகாமணி வாயைத் திறந்தபடி நின்றார். பின்வரிசையில் இருந்து, இத்தனை மாதமும் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகும் தில்லைநாயகி பேசினாள்.

"எனக்கு நல்லா கேக்குது சார். எங்க வீட்ல இன்னும் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அதைக் கேட்டதும் அவருக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல், நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு, லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடினார். தன் குரல் போன துக்கம் அவருக்குத் துளியும் இல்லை. கல்யாணத்துக்குப் போகிற பையனைப்போல ஓடினார்.

பொற்கொடி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க அவள் இடது பக்கம் போய் நின்றார், பிறகு நினைவு வந்து வலது பக்கம் வந்தார்.

"பொற்கொடி, எனக்கும் போயிடுச்சி. இப்ப நீ பேசினா கேக்கும். பேசு. என்ன வேணா பேசு. திட்டு."

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கையில் அவருடைய ஈரத்துண்டு இருந்தது, கட்டிலில் கிடந்ததை எடுத்துவந்திருந்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெருவில் வழி கேட்கிறவரைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். துண்டை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"மெயில் போடுங்க" என்றாள்.

இத்தனை மாதத்தில் அவர் கேட்ட அவள் குரல் அதுதான். அது மாறவே இல்லை, கல்யாணமான புதிதில் கேட்ட அதே குரல். அவள் அடுத்த துணியை எடுத்தாள். அவர் உள்ளே போய், வீட்டுக் கணினியைத் திறந்து, அவள் முகவரியை எழுதிவிட்டு, முதல் வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தார்.